மெயின் டிரிப் ஆகி வந்தால் டிஓடி போட்ட ரூட்டர் இணையத்தை எழுப்ப மறுக்கிறது

யீஷூன்_9வது_மாடி

வணக்கம். சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஃபைபர் கம்பெனி கொடுத்த ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும்) பெட்டி, அதற்குப் பின்னால் ஏசஸ் ஆர்டி-ஏஎக்ஸ்86யு ரூட்டர். மெர்லின் (ஏசஸ் ரூட்டர்களுக்கான மாற்று) ஃபர்ம்வேர், 388 வரிசை. இரட்டை நாட் (ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரூட்டர்) இல்லை, பொது ஐபி நேராக ஏசஸுக்கே வருகிறது.

போட்டிருக்கும் அமைப்பு: வேன் (வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் டிஎன்எஸ் பிரைவசி புரோட்டோகால் – டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ், அதாவது டிஓடி: தளப் பெயரை ஐபியாக மாற்றக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளைக் குறியாக்கி அனுப்புவது. புரொஃபைல் – ஸ்டிரிக்ட் (சர்வரின் சான்றிதழ் தேறினால்தான் இணைப்பு). சர்வர் பட்டியலில் நான்கு: 1.1.1.1, 1.1.1.3, 9.9.9.9, 8.8.8.8. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கட்டும் என்று நான்கு. டூல்ஸ் பக்கத்தில் "வேன்: லோக்கல் கேச்சிங் டிஎன்எஸ் சர்வரை சிஸ்டம் ரிசால்வராகப் பயன்படுத்து" என்பதையும் யெஸ் ஆக்கியிருக்கிறேன்.

சிக்கல் மூன்று.

ஒன்று: மெயின் டிரிப் ஆகி கரண்ட் திரும்பினால் ரூட்டர் "கனெக்டட்" என்கிறது, ஒரு தளமும் திறப்பதில்லை. டிஓடியை நன் ஆக்கி அப்ளை கொடுத்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடுகிறது. சாதாரண ரீபூட்டிலும் இதே கதைதான்.

இரண்டு: 1.1.1.1/ஹெல்ப் (கிளவுட்ஃப்ளேரின் சோதனைப்) பக்கம் மடிக்கணினியில் "டிஓஎச் – யெஸ், டிஓடி – நோ" என்கிறது. (டிஓஎச் என்றால் டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ் வழியே குறியாக்கி அனுப்புவது.) டேப்லெட்டில் ஒரு தடவை டிஓடி யெஸ், அடுத்த தடவை 1.1.1.1-உடன் இணைப்பே இல்லை என்கிறது. எதை நம்ப?

மூன்று: 1.1.1.3 போட்டதே வயதுவந்தோர் தளங்களைத் தடுக்கத்தான். தடுக்கிறது, பிறகு தடுக்கவில்லை, பிறகு மறுபடி தடுக்கிறது.

டிஓஎச்சுக்கு மாறினால் இதெல்லாம் தீருமா?

தெம்பனீஸ்_பாக்கெட்

டிஓஎச்சுக்கு மாறினாலும் முதல் சிக்கல் அப்படியேதான் இருக்கும். காரணம் டிஓடி அல்ல, கடிகாரம்.

இந்த ரூட்டர்களில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் நேரம் ஃபர்ம்வேரில் பதிந்திருக்கும் ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். சிஸ்டம் லாகைத் திறந்து பாருங்கள், பூட் ஆன முதல் வரிகள் எந்த மாதமானாலும் "மே 5" என்றே இருக்கும். என்டிபி சர்வரிடம் நேரம் வாங்கிய பிறகுதான் லாகில் தேதி தாவும்.

இப்போது வளையம் எப்படி மாட்டுகிறது பாருங்கள். ரூட்டருக்கு நேரம் வேண்டும். நேரம் வாங்க என்டிபி சர்வரின் பெயரை ஐபியாக மாற்ற வேண்டும். நீங்கள் அந்த டூல்ஸ் விருப்பத்தை யெஸ் ஆக்கியதால் ரூட்டரின் சொந்தக் கேள்வியும் டிஎன்எஸ்மாஸ்க் (ரூட்டருக்குள் டிஎன்எஸ் பதில் தரும் நிரல்) வழியாக ஸ்டபிக்கு (டிஓடி வேலையைச் செய்யும் நிரல்) போகிறது. ஸ்டபி டிஓடிக்கான 853 போர்ட்டில் சர்வரோடு டிஎல்எஸ் கைகுலுக்குகிறது. சர்வர் நீட்டும் சான்றிதழின் தொடக்கத் தேதி, ரூட்டர் "இன்று" என்று நினைக்கும் நாளுக்குப் பல வருடம் கழித்துத்தான் வருகிறது. "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஸ்டிரிக்ட் மோட் இணைப்பை வெட்டிவிடும். பெயர் கிடைக்காது, நேரம் கிடைக்காது, சான்றிதழும் தேறாது. நீங்கள் டிஓடியை நன் ஆக்கும்போது கேள்வி குறியாக்கம் இல்லாத சாதா டிஎன்எஸ் போர்ட்டான 53-இல் போய் நேரம் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் திரும்பப் போட்டதும் ஓடுகிறது.

தீர்வு இரண்டு, இரண்டையும் செய்வது நல்லது:

அந்த டூல்ஸ் விருப்பத்தை நோ ஆக்குங்கள். இயல்புநிலையே நோதான், காரணமாகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். இதனால் ரூட்டரின் சொந்தக் கேள்விகள், அதாவது நேரம், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு போன்றவை மட்டும் சாதா டிஎன்எஸில் வெளியே போகும். வீட்டில் யார் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்பது அதில் இராது.

அடுத்து, அட்மினிஸ்ட்ரேஷன், சிஸ்டம் பக்கத்தில் என்டிபி சர்வர் கட்டத்தில் பெயருக்குப் பதில் ஐபியே போடுங்கள்: 162.159.200.1, இரண்டாவதாக 162.159.200.123. இரண்டும் கிளவுட்ஃப்ளேரின் நேர சர்வர். பெயரே இல்லாததால் தேடவும் வேண்டாம்.

ஆப்பர்ச்சூனிஸ்டிக் புரொஃபைலுக்கு மாறினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஓடும், ஆனால் அது சான்றிதழ் பெயர் பொருந்தாவிட்டாலும் விட்டுவிடும். பூட்டை மாட்டிவிட்டு சாவியை அதிலேயே தொங்கவிடுவது போல. பூட் பிரச்சினைக்காக அதைச் செய்ய வேண்டாம்.

செங்காங்_கேபிள்

கடிகார விஷயம் முழுக்கச் சரி. இரண்டாவது, மூன்றாவது சிக்கல்களுக்குக் காரணம் அந்த நான்கு வரிகள்.

பட்டியலில் இருப்பது முதன்மை, மாற்று என்ற வரிசை இல்லை. ஸ்டபி சுழற்சி முறையில் கேள்விகளைப் பட்டியலிலுள்ள எல்லோருக்கும் பங்கு போடுகிறது. ஒரு கேள்வி 1.1.1.3-க்குப் போனால் தடுக்கும், அடுத்தது 8.8.8.8-க்குப் போனால் விடும். வடிகட்டி சும்மா விளையாடுவதாகத் தெரிவது இதனால்தான். டேப்லெட்டில் சோதனைப் பக்கம் மாறி மாறிச் சொல்வதும் அதே காரணம்: அந்தக் கேள்வி குவாட்9 (9.9.9.9) பக்கம் போயிருந்தால் கிளவுட்ஃப்ளேர் பக்கம் "என்னிடம் வரவில்லை" என்று சொல்லத்தானே செய்யும்.

ஒரே நிறுவனத்தின், ஒரே வகையின் இரண்டு முகவரிகள் போதும். வடிகட்டி வேண்டுமென்றால்:

1.1.1.3, போர்ட் 853, டிஎல்எஸ் ஹோஸ்ட்நேம்: ஃபேமிலி.கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ்.காம்
1.0.0.3, மற்றவை மேலே உள்ளபடியே

தீங்குநிரல் தடுப்பு மட்டும் போதுமென்றால் 1.1.1.2, 1.0.0.2, ஹோஸ்ட்நேமில் ஃபேமிலிக்குப் பதில் செக்யூரிட்டி. குவாட்9 வேண்டுமென்றால் 9.9.9.9, 149.112.112.112, ஹோஸ்ட்நேம் டிஎன்எஸ்.குவாட்9.நெட். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், ஓர் எழுத்து பிசகினாலும் ஸ்டிரிக்ட் மோட் கதவைச் சாத்திவிடும். எஸ்பிகேஐ கைரேகை (சர்வர் சாவியின் அடையாளம்) கட்டத்தைக் காலியாக விடுங்கள். சர்வர்காரர்கள் சாவி மாற்றும் அன்று பழைய கைரேகை உங்கள் இணைப்பை நிறுத்திவிடும்.

மடிக்கணினி டிஓஎச் என்று சொல்வது ரூட்டரைப் பற்றியதல்ல, பிரவுசரைப் பற்றியது. ஃபயர்பாக்ஸில் டிஎன்எஸ் பாதுகாப்பைக் கையால் "இன்கிரீஸ்டு" அல்லது "மேக்ஸ்" ஆக்கியிருப்பீர்கள். அது ரூட்டரைத் தாண்டி 443 வழியே நேராகப் போகிறது. மெர்லினில் "பிரிவென்ட் கிளையன்ட் ஆட்டோ டிஓஎச்" என்று ஒரு விருப்பம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அடையாளப் பெயரைத் தேடினால் "இல்லை" என்று பதில் கொடுத்து, தானாக இயங்கும் டிஓஎச்சை அது அடக்கும். பயனர் தானே தேர்ந்தெடுத்ததை ஃபயர்பாக்ஸ் விட்டுக்கொடுக்காது. குரோம் வேறு மாதிரி: விண்டோஸின் நெட்வொர்க் அடாப்டரில் 1.1.1.1 என்று கையால் போட்டிருந்தால் அதை அடையாளம் கண்டு தானே டிஓஎச் ஆக்கிக்கொள்ளும். அடாப்டரைத் தானியங்கிக்கு மாற்றினால் ரூட்டர் வழிக்கு வந்துவிடும்.

வேகத்தைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் ஒரு கணக்கு. புதிதாகத் திறக்கும் இணைப்பில் முதல் கேள்விக்கு டிசிபி ஒரு சுற்று (சர்வருக்குப் போய்த் திரும்பும் பயணம்), டிஎல்எஸ் 1.3 ஒரு சுற்று, கேள்வி-பதில் ஒரு சுற்று, ஆக மூன்று. சர்வர் சிங்கப்பூரிலேயே 3 மில்லிசெகண்டில் இருந்தால் மொத்தம் 9. யாருக்கும் தெரியாது. உங்கள் கம்பெனியின் ரூட்டிங் கோணலாகி ஹாங்காங் பக்கம் போனால் ஒரு சுற்றே 35 அளவு, மூன்று சுற்று நூறைத் தாண்டும். இணைப்பு திறந்தே இருக்கும்வரை அடுத்த கேள்விகளுக்கு ஒரு சுற்றுதான், ஆனால் சில விநாடி சும்மா இருந்தால் ஸ்டபி மூடிவிடும். எனவே முதலில் பிங் 1.1.1.1. பிறகு 1.1.1.1/சிடிஎன்-சிஜிஐ/டிரேஸ் பக்கத்தைத் திறந்து "கோலோ" வரியைப் பாருங்கள். எஸ்ஐஎன் என்றிருந்தால் சிங்கப்பூர். வேறு மூன்றெழுத்து இருந்தால் 9.9.9.9-க்கும் 8.8.8.8-க்கும் பிங் போட்டு ஒப்பிட்டு, குறைவாக இருப்பதைப் பிடியுங்கள்.

டிஓடியா டிஓஎச்சா என்ற கேள்விக்கு: வீட்டு ரூட்டரிலிருந்து வெளியே போவதற்கு டிஓடி போதும். 853 தனி போர்ட் என்பதால் "இவர் குறியாக்கிய டிஎன்எஸ் பயன்படுத்துகிறார்" என்று கம்பெனிக்குத் தெரியும், எந்தப் பெயரைக் கேட்டார் என்று தெரியாது. டிஓஎச் 443-இல் மற்ற வலைப் போக்குவரத்தோடு கலந்துவிடும். 853-ஐத் தடுக்கும் அலுவலக, ஹோட்டல் நெட்வொர்க்கில்தான் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு.

ஜூரோங்_டோர்ச்

மைக்ரோடிக் ரூட்டர் வைத்திருப்பவர்களும் இங்கே வருவார்கள் என்பதால்: அதன் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ்ஸில் இருப்பது டிஓஎச், 6.47 பதிப்பிலிருந்து. டிஓடியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஐபி, டிஎன்எஸ் சாளரத்தில் "யூஸ் டிஓஎச் சர்வர்" கட்டத்தில் சர்வரின் முழு முகவரி, கடைசியில் டிஎன்எஸ்-குவரி. "வெரிஃபை டிஓஎச் சர்டிஃபிகேட்" டிக் போடாமல் விட்டால் குறியாக்கம் இருக்கும், எதிரே இருப்பது யார் என்று உறுதி இராது. டிக் போடுவதற்கு முன் ரூட்டர் நம்பும் ரூட் சான்றிதழ்கள் அதில் இருக்க வேண்டும், இல்லாமல் போட்டால் லாகில் எஸ்எஸ்எல் பிழை வரிசையாக ஓடும். இங்கேயும் அதே கோழி-முட்டைதான்: டிஓஎச் சர்வரின் பெயரையே யாரிடம் கேட்பது? ஸ்டாட்டிக் பகுதியில் டிஎன்எஸ்.கூகுள் என்ற பெயருக்கு 8.8.8.8, 8.8.4.4 என்று இரண்டு வரி எழுதிவிட்டால் முடிந்தது.

இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள்.

"அலவ் ரிமோட் ரெக்வெஸ்ட்ஸ்" இல்லாமல் வீட்டுச் சாதனங்களுக்குப் பதில் வராது. அதைப் போட்டுவிட்டு ஃபயர்வாலில் வேன் பக்கத்திலிருந்து வரும் 53-ஐ, யுடிபி டிசிபி இரண்டையும், அடைக்க மறந்தால் உங்கள் ரூட்டர் ஊருக்கே பொது ரிசால்வர் (டிஎன்எஸ் பதில் தரும் சர்வர்). அடுத்தவர் மீது நடக்கும் தாக்குதலுக்கு உங்கள் ஃபைபர் குழாயாகப் போகும்.

ஐபிவி6 இரண்டாவது. டிஎச்சிபிவி6 கிளையன்ட்டில் (கம்பெனியிடமிருந்து ஐபிவி6 முகவரி வாங்கும் பகுதி) "யூஸ் பியர் டிஎன்எஸ்" டிக் இருந்தால் கம்பெனியின் ஐபிவி6 டிஎன்எஸ் முகவரி ரூட்டருக்குள் வந்து, என்டி விளம்பரம் (ரூட்டர் சாதனங்களுக்கு அனுப்பும் ஐபிவி6 அறிவிப்பு) வழியாக வீட்டுச் சாதனங்களுக்கும் போய்ச் சேரும். ஐபிவி4 பக்கம் எவ்வளவு அழகாகக் குறியாக்கினாலும், விண்டோஸ் அந்த ஐபிவி6 முகவரியிடம் 53-இல் வெட்டவெளியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். டிக்கை எடுங்கள், என்டி-இல் டிஎன்எஸ் கட்டத்தில் ரூட்டரின் சொந்த லேன் ஐபிவி6 முகவரியை எழுதுங்கள். எந்த ரூட்டராக இருந்தாலும் விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஆல் அடித்து "டிஎன்எஸ் சர்வர்ஸ்" வரிகளைப் படியுங்கள். ரூட்டருக்குச் சொந்தமில்லாத முகவரி ஒன்று இருந்தாலும் ஓட்டைதான்.

சரிபார்ப்புக்கு மைக்ரோடிக்கின் டோர்ச் (போக்குவரத்தைக் காட்டும்) கருவியை வேன் இடைமுகத்தில் வைத்து போர்ட் 53 மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடம் வெறுமையாக இருந்தால் நல்லது.

பொங்கோல்_வாசல்

கம்பெனி கொடுத்த ரூட்டர்தான் இருக்கிறது, வேறு வாங்கவில்லை. அதில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிவிட்டேன். அதுவும் குறியாக்கம்தானே?

தெம்பனீஸ்_பாக்கெட்

@பொங்கோல்_வாசல் இல்லை. கேட்கும் ஆள் மாறியிருக்கிறார், உறை மாறவில்லை. 1.1.1.1-க்குப் போகும் கேள்வியும் 53-இல் அஞ்சலட்டை மாதிரிதான் போகிறது. பெட்டியில் டிஓடி அல்லது டிஓஎச் என்று தனி விருப்பம் இல்லாவிட்டால் குறியாக்கம் இல்லை.

புது ரூட்டர் வாங்காமல் செய்ய ஒரு ராஸ்பெரி பை (சின்னக் கணினி), அதில் அட்கார்ட் ஹோம் (வீட்டுக்கான டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்). பைக்கு நிலையான ஐபி, அப்ஸ்ட்ரீமில் டிஎல்எஸ் முன்னொட்டோடு சர்வர் பெயர், கம்பெனிப் பெட்டியின் டிஎச்சிபியில் (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் பகுதி) டிஎன்எஸ்ஸாகப் பையின் ஐபி. இரண்டாவது கட்டத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று 8.8.8.8 போட்டுவிடாதீர்கள், சாதனங்கள் நினைத்தபோது அங்கே போகும். பெட்டி டிஎச்சிபியின் டிஎன்எஸ்ஸை மாற்ற விடாவிட்டால், பெட்டியின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு அட்கார்டின் டிஎச்சிபியை ஓட்டுங்கள். பையில் உபுண்டு போட்டிருந்தால் 53-ஐ சிஸ்டம்டி-ரிசால்வ்டு பிடித்து வைத்திருக்கும். அதன் ஸ்டப் லிஸனரை முதலில் அணைக்க வேண்டும்.

சிம் லிம் (மின்னணுப் பொருள் கடைத்தொகுதி) பக்கம் புது ரூட்டர் வாங்கப் போனால் ஒன்று. பெட்டிமேல் சைபர் பாதுகாப்பு முத்திரை நட்சத்திரத்தோடு ஒட்டியிருக்கும். 2021 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் வைஃபை ரூட்டர்களுக்கு முதல் நிலையாவது கட்டாயம். அது பொதுப் பாதுகாப்புக்கான முத்திரை, டிஓடி இருக்கிறதா என்பதற்கல்ல. அதற்கு அந்த மாடலின் கையேட்டைத் தரவிறக்கிப் பார்த்துவிட்டே காசை நீட்டுங்கள்.

இன்னொன்று: கம்பெனியிடம் மாதக் கட்டணத்தில் பிள்ளைகளுக்கான வடிகட்டி எடுத்திருந்து அது அவர்கள் டிஎன்எஸ் மூலம் இயங்குவதாக இருந்தால், டிஎன்எஸ் மாற்றிய நிமிடமே அது செத்துவிடும். காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

யீஷூன்_9வது_மாடி

பாக்கெட் அண்ணன், கேபிள், இருவருக்கும் நன்றி. டூல்ஸ் விருப்பம் நோ, என்டிபிக்கு ஐபி, பட்டியலில் 1.1.1.3, 1.0.0.3 மட்டும். மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், லாகில் மே 5 வரிகளுக்குப் பிறகு தேதி தாவியது, தளங்கள் தானாகத் திறந்தன. கோலோ எஸ்ஐஎன்தான்.

டிவி ஸ்டிக்? அது ரூட்டர் வழியாகத்தான் கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் சோதனைப் பக்கம் திறக்க வழியில்லை.

செங்காங்_கேபிள்

ரூட்டரின் டிஓடி அமைப்பை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். டிஎல்எஸ் ஹோஸ்ட்நேமில் ஓர் எழுத்தை மாற்றி அப்ளை கொடுங்கள். ஸ்டிரிக்ட் என்பதால் ரூட்டர் வழியாகக் கேட்கும் சாதனம் எதுவும் புதுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. கணினியில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ், டிவி ஸ்டிக்கை ரீஸ்டார்ட் செய்து ஒரு வீடியோ. ஓடினால் அது உங்கள் ரூட்டரைக் கேட்கவே இல்லை. குரோம்காஸ்ட் வகைச் சாதனங்களுக்கு 8.8.8.8 உள்ளேயே எழுதப்பட்டிருக்கும், டிஎச்சிபி என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது.

அதற்கு லேன் (வீட்டு நெட்வொர்க்) பக்கத்தில் டிஎன்எஸ் டைரக்டர். ஆன் செய்து குளோபல் ரீடைரக்‌ஷன் "ரூட்டர்". 53-இல் யாரிடம் கேட்டாலும் பிடித்து ரூட்டருக்குத் திருப்பும். 853-ஐ நேராக வெளியே அனுப்பும் சாதனத்தைத் திருப்ப முடியாது என்பதால் மறுத்துவிடும். 443-இல் போகும் டிஓஎச்சை இது தொடாது. வீட்டில் பை-ஹோல், அட்கார்ட் மாதிரி ஏதாவது இருந்தால் அந்தச் சாதனத்துக்கு மட்டும் "நோ ரீடைரக்‌ஷன்", இல்லாவிட்டால் கேள்வி வட்டமடிக்கும். கம்பெனியின் டிவி பெட்டி லேனில் ஐபிடிவி புரொஃபைல் போட்ட போர்ட்டில் இருந்தால் அது தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) போகிறது, டைரக்டர் அதைத் தீண்டாது.

ஓபன்டபிள்யூஆர்டி (இன்னொரு மாற்று ரூட்டர் ஃபர்ம்வேர்) ஆட்களுக்கு இதே வேலையை எச்டிடிபிஎஸ்-டிஎன்எஸ்-பிராக்ஸி பொதி செய்யும். 5053-இல் கேட்டுக்கொண்டு டிஎன்எஸ்மாஸ்கைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும், ஃபோர்ஸ் ரூட்டர் டிஎன்எஸ் விருப்பமும் அதிலேயே இருக்கிறது.

ஜூரோங்_டோர்ச்

இடையில் ஒன்று. இதெல்லாம் செய்தாலும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது கம்பெனிக்கு மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டிஎல்எஸ் தொடக்கச் செய்தியில் தளத்தின் பெயர் எஸ்என்ஐயாக வெளிப்படையாகப் போகிறது, அந்தப் பெயரையும் குறியாக்கும் இசிஎச் இருக்கும் தளங்களில் மட்டும் விலக்கு. போகும் ஐபி எப்போதும் தெரியும். வழியில் யாரும் பதிலைத் திருத்த முடியாது, கேள்விப் பட்டியலை மொத்தமாக அள்ள முடியாது. லாபம் அவ்வளவுதான், அதுவே கணிசம். அந்தப் பட்டியல் இப்போது ரிசால்வர்காரரிடம் இருக்கிறது.

யீஷூன்_9வது_மாடி

ஹோஸ்ட்நேமைக் கெடுத்தேன். கணினி, டேப்லெட் நின்றன. டிவி ஸ்டிக் ஜாலியாக ஓடியது. டைரக்டரை ஆன் செய்ததும் அதுவும் நின்றது. பெயரைச் சரியாக்கிய பிறகு எல்லாம் வந்தது, ஒரு ஆண்ட்ராய்டு போனைத் தவிர. வைஃபையில் இணைகிறது, பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை என்று அறிவிப்பு.

செங்காங்_கேபிள்

அந்தப் போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் யாரோ ஒரு சர்வர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து அந்த வசதி உண்டு. போன் நேராக 853-க்குப் போகப் பார்க்கிறது, டைரக்டர் மறுக்கிறது. பெயர் எழுதப்பட்டிருந்தால் போன் சாதா டிஎன்எஸ்ஸுக்கு இறங்கி வராது.

பிள்ளையின் போன் என்றால் "ஆட்டோமேட்டிக்" ஆக்கிவிடுங்கள். இதுவரை உங்கள் வடிகட்டி அந்தப் போனை எட்டவே இல்லை. உங்கள் போன் என்றால், வெளியே மொபைல் டேட்டாவிலும் குறியாக்கம் வேண்டுமென்றால், பெயரை அப்படியே விட்டு டைரக்டரில் அந்தப் போனுக்கு "நோ ரீடைரக்‌ஷன்" போடுங்கள். சேர்க்கும்போது போனின் நிலையான மேக் முகவரி (சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) வேண்டாம். இந்த வைஃபைக்கென்று போன் உருவாக்கிய சீரற்ற மேக் வேறு, வைஃபை விவரப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். வைஃபையை "ஃபர்கெட்" செய்து திரும்பச் சேர்த்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மாறியிருந்தால் விலக்கு வேலை செய்யாது.